கொள்வது, இருப்பது, அழுத்துவது

பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்களை உள்ளடக்கி, கிழக்கே பழவேற்காடு ஏரியையும் எண்ணூர்க் கடற்கரையையும் எல்லையாகக் கொண்ட திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதி, நெல்வயலும் உப்பளமும் மீன்பிடியும் பிழைப்பாக இருந்த நிலையிலிருந்து அனல்மின் நிலையம், துறைமுகம், உருக்கு ஆலை, எரிவாயு முனையம் என்று விரிந்த வட்டாரமாகும். பிழைப்போடு சேர்ந்து அளவைகளும் மாறின. மரக்காலால் அளந்த நெல் இன்று கிலோவால் நிறுக்கப்படுகிறது. மணல் யூனிட்டிலும், கம்பி டன்னிலும், பெட்ரோல் லிட்டரிலும், சமையல் எரிவாயு கிலோவிலும் விலைபேசப்படுகின்றன. தராசில் குற்றமே இல்லாத கடையிலும், ஓர் அளவையை மற்றோர் அளவையாக எண்ணிக்கொள்பவருக்கு இழப்பு நேரக்கூடும் என்பதால், இந்த அளவைகள் ஒவ்வொன்றும் உண்மையில் எதனை அளக்கின்றன என்று அறிந்துகொள்வது பள்ளிப் பாடத்தோடு முடிந்துவிடும் காரியமன்று.

ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு பருமன் எனப்படும். ஒரு கலம் தனக்குள் ஏற்கும் பருமனைக் கொள்ளளவு என்பர். லிட்டர், கன மீட்டர், கன அடி ஆகியவை இதன் அலகுகள். அப்பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு நிறை எனப்படும். இதன் அலகு கிலோகிராம். அந்த நிறையைப் புவி தன்னை நோக்கி இழுக்கும் விசையே எடை. இது ஒரு விசையாதலால் இதற்குரிய அலகு கிலோகிராம் ஆகாது, நியூட்டன் ஆகும். ஒரு கிலோ நிறையுள்ள பொருளைப் புவி ஏறத்தாழ 9.8 நியூட்டன் விசையால் இழுக்கிறது. சுருங்கக் கூறின், எவ்வளவு இடம் கொள்ளும் என்னும் வினாவுக்குப் பருமனும், எவ்வளவு சரக்கு இருக்கிறது என்னும் வினாவுக்கு நிறையும், தாங்குவதை எவ்வளவு அழுத்தும் என்னும் வினாவுக்கு எடையும் விடையாகின்றன. கடைவீதியில் நிறையையும் எடை என்றே மக்கள் சொல்வர்; அதனால் வணிகத்தில் தீங்கு ஏதும் இல்லையாயினும், அவ்விரண்டும் பிரிந்து நிற்கும் இடங்கள் உண்டு என்பதும் அவற்றுள் ஒன்று பொன்னேரிக்கு மிக அருகிலேயே உள்ளது என்பதும் பின்னர்க் காணப்படும்.

தமிழ்நாட்டில் தானியம் நெடுங்காலம் பருமனாலேயே அளக்கப்பட்டது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி அல்லது படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று ஒழுங்காக ஏறிச்செல்லும் இவ்வாய்பாட்டில் உள்ள அனைத்தும் முகத்தல் அளவைகளே. பொன், வெள்ளி, மணி முதலியவற்றுக்குக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் நிறுத்தல் அளவைகள் தனியே இருந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் நெல் அளக்க ஆடவல்லான் என்னும் பெயருடைய மரக்காலும், பொன் நிறுக்க அதே பெயருடைய கல்லும் குறிக்கப்படுவது, இவ்விருவகை அளவைகளையும் வேறுபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவியை அக்காலத்து ஆட்சி நிலைநிறுத்தியிருந்தது என்பதற்குச் சான்றாகும். பொன்னேரியை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் உப்பளங்களில் விளைந்த உப்பும், கும்பினியார் காலத்துச் சென்னை மாகாணக் கணக்குகளில் கரிசை என்னும் பெரிய முகத்தல் அளவையால் கணக்கிடப்பட்டது. ஒரு கரிசை 400 மரக்கால் கொண்டது. தராசும் எடைக்கல்லும் விலை மிக்கனவாகவும், மூங்கிலாலோ மரத்தாலோ இரும்பாலோ ஆன ஒரு படி எளிதில் கிடைப்பதாகவும் இருந்த காலத்தில், களத்தில் குவிந்த விளைச்சலை விரைந்து பங்கிட முகத்தலைக் காட்டிலும் பொருத்தமான முறை வேறு இருந்திருக்க முடியாது.

ஆயினும் முகத்தலில் ஓர் இடைவெளி உண்டு. படியின் விளிம்போடு கோலால் வழித்துத் தலைதட்டி அளப்பதும், விளிம்புக்கு மேல் கும்பமாகக் குவித்து அளப்பதும் ஒன்றல்ல. அரிசியைக் குவித்தால் அதன் சரிவு ஏறத்தாழ 35 பாகையில் நிற்பதாகக் கொண்டு கணக்கிட்டால், உயரமும் வாயின் அகலமும் சமமாக உள்ள உருளைப் படியில் அந்தக் கும்பம் சுமார் 12 விழுக்காடு கூடுதலான அரிசியைத் தரும். உயரம் அகலத்தில் பாதியாக உள்ள தட்டையான படியில் அதுவே 23 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். தலைதட்டி அளக்கும்போது ஒரே அளவு கொள்ளும் இரு படிகள், குவித்து அளக்கும்போது இருவேறு அளவு கொள்கின்றன என்பதே இதன் பொருள். வாங்கும்போது குவித்தும் கொடுக்கும்போது தலைதட்டியும் அளப்பவர் பொய்ப்படி எதையும் கையாளாமலேயே ஆதாயம் அடைய முடியும். இதனோடு, குலுக்கி அளந்த அரிசி நெருங்கி அமர்வதும், மெல்லச் சொரிந்த அரிசி இடைவெளியோடு நிற்பதும், உப்பின் பரல் பெரிதாக இருந்தால் ஒரு மரக்காலுக்குள் காற்றின் பங்கு வேறுபடுவதும் சேர்ந்துகொள்கின்றன. பரல்களாக உள்ள எந்தப் பொருளையும் முகந்து அளக்கையில், பொருளோடு அதன் இடைவெளிகளும் அளக்கப்படுகின்றன என்பதை மறந்துவிடலாகாது.

1956ஆம் ஆண்டின் எடை மற்றும் அளவைத் தரச் சட்டத்தின் வழியே, 1958 அக்டோபர் முதல் இந்தியாவில் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வீசை, பலம், மணங்கு என்னும் நிறுத்தல் அளவைகள் கடைகளிலிருந்து மறைந்த பின்னரும் படி மட்டும் மக்கள் மனத்தில் நிலைத்திருந்தது. 1967 சட்டமன்றத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் ஒரு ரூபாய்க்குக் கொடுப்பதாக வாக்களித்த அரிசியும் படிக் கணக்கிலேயே சொல்லப்பட்டது. கிலோவில் சொல்லியிருந்தால் அந்த வாக்குறுதி வீட்டின் அடுக்களை வரை அவ்வளவு எளிதில் சென்று சேர்ந்திருக்காது. சோற்றுக்கு அரிசி எடுக்கும் கை இன்றும் ஆழாக்கைத்தான் தேடுகிறது என்பதில் குறையேதும் இல்லை. அளந்து சமைப்பதற்குப் பருமன் போதும், விலை கொடுத்து வாங்குவதற்குத்தான் அது போதாது.

பருமனையும் நிறையையும் இணைப்பது அடர்த்தி என்னும் பண்பு. ஓரலகு பருமனில் எவ்வளவு நிறை அடங்கியிருக்கிறது என்பதே அடர்த்தி. ஒரு லிட்டர் கொள்ளும் கலத்தில் தண்ணீர் ஊற்றினால் ஏறத்தாழ ஒரு கிலோவும், சமையல் எண்ணெய் ஊற்றினால் சுமார் 910 கிராமும், அரிசியைத் தலைதட்டி இட்டால் சுமார் 800 கிராமும், சிமெண்டை இட்டால் சுமார் 1,440 கிராமும் நிற்கும்; அக்கலத்தின் வடிவில் உருக்கை வார்த்தால் அது 7,850 கிராம் இருக்கும். லிட்டரும் கிலோவும் ஒன்றுதான் என்னும் எண்ணம் தண்ணீரால் ஏற்பட்ட பழக்கம். தண்ணீரை விட்டு விலகியவுடன் அது பொய்த்துவிடுகிறது. ஒரு லிட்டர் எண்ணெய் உறையை வாங்கி வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்து, 90 கிராம் குறைகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குச் செல்பவர் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தால் அவருக்கும் கடைக்காரருக்கும் மனக்கசப்பு நேராது.

எண்ணெய் வணிகத்தில் வேறொரு நுட்பமும் உண்டு. திரவம் சூடேறினால் விரிகிறது. நிறை மாறாமல் பருமன் கூடுகிறது. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 பாகை செல்சியஸில் சுமார் 919 கிராம் இருக்கும்; அதையே 60 பாகையில் ஒரு லிட்டராக நிரப்பினால் சுமார் 893 கிராமே இருக்கும். உறையின் மேல் உயர்ந்த வெப்பநிலையைக் குறித்து, அவ்வெப்பநிலையில் ஒரு லிட்டர் என்று அச்சிட்டால், வாங்குபவருக்கு 26 கிராம் குறைந்த எண்ணெய் சட்டத்துக்குள் நின்றபடியே போய்ச் சேரும். இதனைக் கருதியே மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் பருமனை அச்சிடவும், அதனோடு நிறையையும் அச்சிடவும் எண்ணெய் நிறுவனங்களுக்கு 2022ஆம் ஆண்டில் அறிவுறுத்தி, 2023 சனவரி 15 வரை காலக்கெடு வழங்கியது. இரண்டு அளவைகளையும் ஒருசேர அச்சிடும் இம்முறை பாராட்டத்தக்கது. ஏனெனில் நிறை வெப்பத்துக்கு மசிவதில்லை. ஐஸ்கிரீம் போன்ற பொருள்கள் லிட்டரில் விற்கப்படும்போது, அவற்றில் அடித்துச் சேர்க்கப்பட்ட காற்றுக்கும் விலை கொடுக்கப்படுகிறது என்பதை உணர்ந்தே, ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையலாகாது என்று உணவுப் பாதுகாப்பு விதி வரையறுத்திருக்கிறது.

வீடு கட்டுவோர் மிகுதியாக ஏமாற்றமடையும் இடம் மணல். தமிழ்நாட்டில் மணலும் எம்-சாண்ட் என்னும் அரைமணலும் யூனிட் கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீட்டர். உலர்ந்த மணல் கன மீட்டருக்கு 1,600 கிலோ என்று கொண்டால், ஒரு யூனிட்டில் சுமார் நாலரை டன் மணல் இருக்க வேண்டும். ஆனால் மணல் சற்றே ஈரமானதும் வியப்பான ஒன்று நிகழ்கிறது. ஒவ்வொரு பரலையும் சுற்றி நீர் மெல்லிய படலமாகப் படிந்து, பரப்பு இழுவிசையால் பரல்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி நிறுத்துவதால், மொத்த மணலும் உப்பி எழுகிறது. ஐந்து முதல் எட்டு விழுக்காடு ஈரத்தில் இவ்வுப்பல் 20 முதல் 30 விழுக்காடு வரை செல்லும். பரல் நுண்ணியதாக இருந்தால் இன்னும் மிகும். அதற்கு மேலும் நீர் சேர்ந்து மணல் முழுவதும் நனைந்துவிட்டால் படலம் கலைந்து, பரல்கள் மீண்டும் நெருங்கி, உலர்ந்த மணலின் பருமனுக்கே திரும்பிவிடும்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். ஐந்து விழுக்காடு ஈரத்தோடு 25 விழுக்காடு உப்பிய மணலை ஒரு யூனிட் வாங்கினால், லாரித் தொட்டியின் அளவு 100 கன அடியாகச் சரியாகவே இருக்கும். ஆனால் அதனுள் இருப்பது உலர்ந்த கணக்கில் 80 கன அடி மணல்தான். ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கவில்லை. அதே மணலை எடைமேடையில் ஏற்றி டன் கணக்கில் வாங்கினால், நீரின் பங்காகிய ஐந்து விழுக்காடு மட்டுமே இழப்பாகும். ஆகவே மணலைப் பருமனால் வாங்குவதைக் காட்டிலும் நிறையால் வாங்குவது நல்லது என்பதில் ஐயமில்லை; சொட்டச் சொட்ட நனைந்து வரும் மணலுக்கு மட்டும் இத்தீர்ப்பு பொருந்தாது, ஏனெனில் அங்கே உப்பல் இல்லை, நீரின் நிறையோ மிகுதி.

உப்பலைக் கண்டறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. நேரான சுவருடைய கண்ணாடிக் கலம் ஒன்றில் ஈர மணலை அமுக்காமல் மூன்றில் இரண்டு பங்கு இட்டு, மட்டப்படுத்தி, உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அம்மணலை வெளியே எடுத்து, கலத்தில் பாதியளவு நீர் ஊற்றி, மணலைத் திரும்ப இட்டுக் கிளறி, படியவிட்டு, மணலின் உயரத்தை மீண்டும் அளக்க வேண்டும். 20 செ.மீ. நின்ற மணல் 16 செ.மீ.க்கு இறங்கினால் உப்பல் 25 விழுக்காடு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஜல்லி, மணல் சோதனை முறைகளிலும் இவ்வழியே சொல்லப்பட்டுள்ளது. கலவை போடும் கொத்தனாருக்கும் இது முக்கியம். ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு மணல் என்று பெட்டியால் அளக்கும் இடத்தில், உப்பிய மணலை அப்படியே அளந்தால் கலவையில் மணல் குறைந்து விகிதம் பிறழும். 50 கிலோ சிமெண்டு மூட்டையின் பருமன் சுமார் 35 லிட்டர் என்று கொண்டு அதற்கேற்ப அளவுப்பெட்டி செய்துகொள்ளும் வழக்கமும், ஆயத்தக் கலவை ஆலைகளில் எல்லாவற்றையும் நிறுத்தே சேர்த்து ஈரத்துக்குக் கழிவு கொடுக்கும் முறையும் இந்தச் சிக்கலைத் தீர்க்க எழுந்தவையே.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பியாக உருட்டும் ஆலைகள் பல உள்ளன. கம்பி வணிகத்தில் வழங்கும் ஒரு சிறு வாய்பாடு, பருமனிலிருந்து நிறைக்குச் செல்லும் பாதையை மிக அழகாகக் காட்டுவது. கம்பியின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்பது கிடைக்கும். கட்டடப் பணியிடத்தில் மேஸ்திரி முதல் பொறியாளர் வரை அனைவரும் மனப்பாடமாகச் சொல்லும் இந்த 162 வானிலிருந்து வந்ததன்று. வட்டத்தின் பரப்பைத் தரும் சூத்திரத்தையும், கன மீட்டருக்கு 7,850 கிலோ என்னும் உருக்கின் அடர்த்தியையும், மி.மீ.யை மீட்டராக்கும் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கினால் எஞ்சி நிற்கும் எண் அது. 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.395 கிலோவும், 12 மி.மீ. கம்பி 0.888 கிலோவும், 16 மி.மீ. கம்பி 1.58 கிலோவும் இருக்க வேண்டும். 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்று பத்தே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். விட்டம் இரு மடங்கானால் நிறை நான்கு மடங்காகும் என்பதும் இவ்வாய்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

ஆலையில் உருளைகள் தேயத் தேயக் கம்பியின் பருமனில் சிறு வேறுபாடு நேர்வது இயல்பாதலால், ஐ.எஸ். 1786 என்னும் தரக்குறிப்பு அதற்கு எல்லை வகுத்துள்ளது, 10 மி.மீ. வரை 7 விழுக்காடும், அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5 விழுக்காடும், அதற்கும் மேற்பட்டவற்றுக்கு 3 விழுக்காடும் மீட்டருக்குரிய நிறை கூடவோ குறையவோ செய்யலாம். இங்கே வாங்குபவர் கருத வேண்டியது ஒன்றுண்டு. மெலிந்த கம்பியை, வாய்பாட்டு நிறை கொண்டதாகக் கணக்கிட்டு எண்ணி வாங்கினால், இரும்பில் நட்டம். அதையே எடைமேடையில் நிறுத்து வாங்கினால் கொடுத்த காசுக்கு இரும்பு சரியாகக் கிடைத்துவிடும், கம்பிகளின் எண்ணிக்கையும் கூடும். ஆனால் கட்டடத்தைத் தாங்குவது ஒவ்வொரு கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு ஆதலால், வரைபடத்தில் சொன்ன எண்ணிக்கை மட்டும் கட்டப்படும்போது தூணிலோ உத்தரத்திலோ வலு குறையும். ஆகவே மொத்த நிறையோடு ஒரு துண்டை வெட்டி, அதன் நீளத்தையும் நிறையையும் தனியே சோதித்துப் பார்ப்பதே முழுமையான சோதனை.

வாயுப் பொருள்களில் பருமன் முற்றிலும் நம்பத்தகாததாகிவிடுகிறது. வீட்டுக்கு வரும் சமையல் எரிவாயு உருளையின் கொள்ளளவு ஏறத்தாழ 33 லிட்டர். அதில் நிரப்பப்படுவது 14.2 கிலோ. உள்ளே அழுத்தத்தால் திரவமாக இருக்கும் அவ்வாயு உருளையை முழுவதும் நிறைப்பதில்லை. வெயிலில் திரவம் விரிவதற்கு மேலே இடம் விடப்பட்டிருக்கும். அடுப்பில் எரிக்க எரிக்கத் திரவம் ஆவியாகி மேலே நிரம்புவதால், உருளை எந்நேரமும் பருமனால் நிறைந்தும் நிறையால் குறைந்தும் வரும். ஆதலால் எரிவாயுவை நிறுத்தே விற்க வேண்டும், நிறுத்தே வாங்கவும் வேண்டும். உருளையின் மேற்பகுதியில் வெற்று உருளையின் நிறை பொறிக்கப்பட்டிருக்கும், அதனோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய மொத்தம் கிடைக்கும். வீட்டுக்குக் கொண்டுவருபவரிடம் தராசு இருக்க வேண்டும் என்பதும், கேட்டால் நிறுத்துக் காட்ட வேண்டும் என்பதும் வாடிக்கையாளரின் உரிமை.

இதே உண்மை பேரளவில் நிகழும் இடம் எண்ணூர்க் காமராஜர் துறைமுகம். அங்கு இந்தியன் ஆயில் நிறுவனத்தின் முயற்சியில் அமைந்து 2019 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட திரவ இயற்கை எரிவாயு முனையம், ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறனுடையது. இயற்கை எரிவாயுவைச் சுழியத்துக்குக் கீழே 162 பாகை வரை குளிர்வித்தால் அது திரவமாகி, ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்கு இடத்துக்குள் ஒடுங்கிவிடும். கப்பலில் ஒரு கன மீட்டர் இடத்தில் வரும் அத்திரவம் சுமார் 450 கிலோ நிறை கொண்டது. கரையில் சூடேற்றி வாயுவாக்கியதும், வளிமண்டல அழுத்தத்தில் அதே 450 கிலோ ஏறத்தாழ 600 கன மீட்டராக விரிந்து நிற்கும். இடையில் பொருள் கூடவுமில்லை, குறையவுமில்லை. பருமன் அறுநூறு மடங்கு மாறும்போதும் நிறை அசையாமல் நிற்கும் இக்காட்சியைக் காட்டிலும் தெளிவான விளக்கத்தை இவ்விரண்டின் வேறுபாட்டுக்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

அதே துறைமுகத்தில், வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்களை நிறுப்பதற்கு எந்தத் தராசும் கிடையாது. பல்லாயிரம் டன் சரக்கை ஏற்கும் தராசைக் கட்ட முடியாதாகையால், அங்கே பருமனைக் கொண்டே நிறை கண்டறியப்படுகிறது. கப்பலின் முனையிலும் நடுவிலும் பின்புறத்திலும் இரு பக்கத்தும் எழுதப்பட்டுள்ள ஆழக்குறிகளைப் பார்த்து, கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று குறித்து, அவ்வளவு அமிழ்ந்தால் எத்தனை கன மீட்டர் நீர் ஒதுக்கப்படும் என்பதைக் கப்பலின் அட்டவணையிலிருந்து எடுத்து, அந்நீரின் அடர்த்தியால் பெருக்கினால் கப்பலின் மொத்த நிறை கிடைக்கும். மிதக்கும் பொருள் தன் நிறைக்குச் சமமான நீரையே ஒதுக்குகிறது என்னும் ஆர்க்கிமிடீஸின் கண்டுபிடிப்பே இதற்கு அடிப்படை. சரக்கை இறக்கிய பின் மீண்டும் அளந்து, எரிபொருள், நிலைநீர் முதலியவற்றில் நேர்ந்த மாற்றத்தைக் கழித்தால் வந்த நிலக்கரியின் அளவு தெரியும். இங்கும் அடர்த்தியே முடிவுசெய்கிறது. கடல்நீர் கன மீட்டருக்குச் சுமார் 1,025 கிலோ. ஆற்றுநீர் சுமார் 1,000 கிலோ. ஹூக்ளி ஆற்றின் ஹால்தியாவில் நிலக்கரி ஏற்றிய கப்பல் கடலுக்குள் வந்ததும், ஒரு கிலோ சரக்கும் குறையாமலேயே சற்று மேலெழுந்து மிதக்கும். எனவே அளவெடுப்போர் ஒவ்வொரு முறையும் கப்பலின் அருகிலிருந்து நீரை முகந்து, நீரடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பார்க்காமல் கணக்கை முடிப்பதில்லை.

இதுவரை கூறியவற்றில் எடைக்கும் நிறைக்கும் உள்ள வேறுபாடு தலைகாட்டவில்லை. தரையில் ஓரிடத்தில் நிற்கும் வரை அவை இரண்டும் ஒன்றுக்கொன்று விகிதமாகவே செல்லும். வேறுபாட்டை உணர முதலில் வீட்டு மாடியைப் பார்க்கலாம். 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் நீரின் பருமன் ஒரு கன மீட்டர், நிறை ஏறத்தாழ 1,000 கிலோ, அது தளத்தை அழுத்தும் எடை சுமார் 9,780 நியூட்டன். கட்டடப் பொறியாளர் தளத்தின் சுமையைக் கிலோநியூட்டனில் எழுதுவது இதனாலேயே. தளம் தாங்க வேண்டியது கீழ்நோக்கிய விசையை.

அவ்விசை புவியெங்கும் ஒரே அளவாக இல்லை. புவி தன்னச்சில் சுழல்வதாலும் நடுக்கோட்டுப் பகுதியில் சற்றுப் புடைத்திருப்பதாலும், துருவங்களைக் காட்டிலும் நடுக்கோட்டில் ஈர்ப்பு சுமார் அரை விழுக்காடு குறைவு. பொன்னேரியில் ஒரு கிலோவின் எடை ஏறத்தாழ 9.783 நியூட்டன், புதுதில்லியில் 9.791, இலண்டனில் 9.812. இரு தட்டுத் தராசு இவ்வேறுபாட்டைக் காட்டாது. ஒரு தட்டில் உள்ள பொருளின் மீதும் மறு தட்டில் உள்ள எடைக்கல்லின் மீதும் ஈர்ப்பு ஒரே விகிதத்தில் குறைவதால், அது இரு நிறைகளையே ஒப்பிடுகிறது. வில்தராசும் இன்றைய மின்னணுத் தராசும் அப்படியல்ல. அவற்றுள் உள்ள வில்லோ விசையுணரியோ உண்மையில் அளப்பது எடையை; அதனைக் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது திரை. தில்லியில் சரிசெய்த மின்னணுத் தராசை அப்படியே பொன்னேரிக்குக் கொண்டுவந்து 100 கிலோ மூட்டையை ஏற்றினால் சுமார் 80 கிராமும், இலண்டனில் சரிசெய்ததைக் கொண்டுவந்தால் சுமார் 300 கிராமும் குறைத்தே காட்டும். அரிசி மூட்டைக்கு இது பொருட்டன்று. பொன் நிறுக்கும் கடையில் பொருட்டாகும்.

நிறைக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான மூலம் 1889 முதல் பாரிஸ் அருகே வைக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் உருளையாக இருந்தது; அதன் 57ஆம் படி இந்தியாவுக்கு வழங்கப்பட்டு, புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அவ்வுருளைக்கும் அதன் படிகளுக்கும் இடையே நாளடைவில் மைக்ரோகிராம் அளவில் வேறுபாடு காணப்பட்டமையால், 2019 மே 20 முதல் கிலோகிராம் எந்த உலோகத் துண்டையும் சாராமல், பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை எண்ணைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது.

நிறையும் எடையும் முழுதாகப் பிரியும் இடம், பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து தொடங்குகிறது. 2023 சூலை 14 அன்று அங்கிருந்து புறப்பட்ட சந்திரயான்-3 சுமந்து சென்ற விக்ரம் தரையிறங்கி, எரிபொருளும் உள்ளிருந்த ஊர்தியும் சேர 1,752 கிலோ நிறை கொண்டது. புவியில் அதன் எடை ஏறத்தாழ 17,140 நியூட்டன்; ஈர்ப்பு ஆறில் ஒரு பங்காக உள்ள நிலவில் அதே நிறை சுமார் 2,840 நியூட்டன் எடையே பெறும். விக்ரமில் இருந்த நான்கு இயந்திரங்கள் ஒவ்வொன்றும் 800 நியூட்டன் உந்துவிசை தரவல்லவை. நான்கும் சேர்ந்த 3,200 நியூட்டனால் ஸ்ரீஹரிகோட்டாவின் தரையிலிருந்து அக்கலத்தை ஒரு விரற்கடையும் தூக்க முடியாது, ஆனால் நிலவின் மேலே அதனைத் தாங்கி மெல்ல இறக்க அது போதுமானது. ஆகஸ்டு 23 அன்று அது அவ்வாறே இறங்கியது. எரிந்து தீர்ந்த எரிபொருளால் மட்டுமே அதன் நிறை குறைந்தது. நிலவுக்குச் சென்றதால் நிறை குறையவில்லை. அக்கலத்தின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ தேவைப்பட்ட விசையை விண்வெளியிலும் நிறையே தீர்மானித்தது.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தைத் தொழிலாளர் துறை நடைமுறைப்படுத்துகிறது. அத்துறையின் முத்திரை ஆய்வாளர், கடையில் உள்ள தராசை அது பயன்படும் ஊரிலேயே சோதனை எடைக்கற்களை ஏற்றிச் சரிபார்த்து முத்திரையிடும்போது, அவ்வூரின் ஈர்ப்பும் அத்தராசின் கணக்குக்குள் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் எடையை அளக்கும் கருவி நிறையைச் சரியாகச் சொல்ல முடிகிறது. பெட்ரோல் நிலையத்தில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக்கலம் இருக்கும். ஐயமுற்றவர் அதில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். பெட்ரோலின் அடர்த்தி அன்றைக்கு எவ்வளவு என்று நிலையத்தில் எழுதிவைக்கப்பட்டிருப்பதும் வாடிக்கையாளர் பார்ப்பதற்கே. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள நெல்லை ஏற்கத் தயங்குவதும் இக்கணக்கின் தொடர்ச்சியே: 20 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல் 17 விழுக்காட்டுக்கு உலர்ந்தால் 96.4 கிலோவாகும், எஞ்சிய 3.6 கிலோ தண்ணீர். மரக்காலால் அளந்த காலத்தில் நெல்லின் ஈரம் கையால் நெரித்தும் பல்லால் கடித்தும் பார்க்கப்பட்டது. இப்போது தராசுக்கு அருகிலேயே ஈரப்பதமானியும் வைக்கப்பட்டிருக்கிறது, அதன் எண்ணை உழவர் தாமே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.